காய்ந்தும் விறைக்காத துணி

அத்தியாயம் 6

கத்தரீனாளுக்கு மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது. அதில் யாருக்கும் ஆச்சரியமில்லை. அந்த 1974 ஆடி மாதத்தில், சித்திரபுரத்துக்கு மேலே மேல்பாறை எஸ்டேட்டில் மூக்கு ஒழுகாதவர்கள் இரண்டே பேர். ஒருவர் கோயிலில் நின்ற அந்தோணியார். இன்னொருவர் ஆபீஸ் சுவரில் கண்ணாடிக்குள் இருந்த பழைய வெள்ளைக்காரத் துரை. மற்றபடி மேனேஜர் முதல் காவல் நாய் வரை எல்லோரும் உறிஞ்சிக்கொண்டுதான் திரிந்தார்கள்.

ஆச்சரியப்பட்டவர் துப்பறியும் யக்ஞநாராயணன் ஒருவர்தான். அவர் ஆச்சரியப்பட்டால் யாருக்கோ கெட்ட காலம் என்று அர்த்தம்.

பாலக்காட்டுக் கல்பாத்திக்காரர். மருத்துவக் கல்லூரியில் மூன்றாம் வருஷத்தோடு படிப்பை விட்டவர். பிணங்களோடு அவருக்கு ஒத்துப்போயிற்று, நோயாளிகளோடு ஒத்துப்போகவில்லை. அவருடைய உதவியாளன் சென்னியப்பன் எருத்தேன்பதிக்காரன். வயது முப்பதைத் தாண்டியும் வாயை மூடக் கற்றுக்கொள்ளாதவன். இரண்டு பேரையும் மலைக்கு ஏற்றி வந்தவன் கத்தரீனாளின் அண்ணன் செபாஸ்டின். வட்டவடையிலிருந்து மூணாறுக்கு ஜீப்பில் பூண்டும் கேரட்டும் இறக்குகிறவன். சித்திரையில் அவன் தங்கச்சியை யாரோ குறுக்குப்பாதையில் பின்னாலிருந்து தள்ளிவிட்டிருந்தார்கள். பாறையில் நெற்றி மோதி, ஓடையில் கிடந்தாள். தள்ளியவன் யார் என்று தெரிய வேண்டும். செபாஸ்டின் கேட்டது அவ்வளவுதான்.

சாயங்காலம் தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் அவள் வீட்டு வாசலில் முக்காலி போட்டு உட்கார்ந்தார் யக்ஞநாராயணன். செபாஸ்டின் கீழே ரோட்டில் ஜீப்போடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான்.

"எப்பலேர்ந்தும்மா இந்த ஜலதோஷம்?"

"அடிபட்ட பொறவுதான் சாமி," என்றாள் கத்தரீனாள். மூக்கை ஒரு பழைய வேட்டித் துணியால் ஒற்றிக்கொண்டாள். "சளின்னு கம்பவுண்டர் ஐயா பொடி குடுத்திருக்காரு. மூக்குல ஏத்தி நல்லாத் தும்மு, பலமாச் சிந்து, உள்ள கெடக்கது பூரா வெளிய வந்துரும்னாரு."

"வந்துதோ?"

"வந்துக்கிட்டேதான் இருக்கு. வத்த மாட்டேங்கு."

"தலைவலி?"

"எந்திரிச்சி நின்னா மண்டை பொளக்கு. படுத்தா விட்டுருது. ஆனாப் படுத்தா தொண்டையில உப்பு உப்பா எறங்குது சாமி."

"சித்தே குனி."

குனிந்தாள். வலது மூக்கிலிருந்து மட்டும் ஒரு சொட்டு விழுந்தது. சுனைத் தண்ணீர் போலத் தெளிவாக இருந்தது. பின்னாலேயே இன்னொன்று விழுந்தது. இடது மூக்கு தன் பாட்டுக்கு உலர்ந்து கிடந்தது.

யக்ஞநாராயணன் நிமிர்ந்து பார்த்தார். அடுப்புக்கு மேலே கட்டிய கம்பியில் அவளுடைய மூக்குத் துணிகள் காய்ந்துகொண்டிருந்தன. ஒன்றை எடுத்து விரலால் நெருடினார். மெத்தென்று மடங்கியது.

"இதைக் கசக்கிப் போட்டியோ?"

"இல்ல சாமி. ஈரத்தோட அப்பிடியே போட்டதுதான். மழையில எங்க தொவைக்க?"

"சென்னியப்பா, உன் கைக்குட்டையை எடு."

"வேண்டாங்க சாமி. நேத்து வரைக்கும் அது கைக்குட்டைங்க. இன்னைக்கு அப்பளமுங்க."

"அதுக்குத்தான் கேக்கறேன்."

சென்னியப்பன் இரண்டு விரலால் இழுத்து வெளியே போட்டான். மலையேறியதிலிருந்து அவனுக்குச் சரியான ஜலதோஷம். கைக்குட்டை கஞ்சி போட்ட காலர் மாதிரி விறைத்து, ஓரம் மடங்காமல் நின்றது. யக்ஞநாராயணன் அதையும் பார்த்தார், கையிலிருந்த துணியையும் பார்த்தார். அவர் முகத்தில் ஒரு சந்தோஷம் வந்தது. அந்தச் சந்தோஷம் சென்னியப்பனுக்குப் பிடிக்கவே பிடிக்காது.

"கீழே விழுந்த அன்னிக்கு வேற யாரையாவது பார்த்தியா?"

"யாரையும் பாக்கல சாமி. வெறகு பெறக்கிட்டு டிஸ்பென்சரி பின்வாசல் வழியா வந்தேன். ஒரு வெளியாளு டின்னு தூக்கிட்டுப் போனான். கம்பவுண்டர் ஐயா மண்ணெண்ணெய் குடுத்து விடுதாரு போலன்னு நெனச்சேன். அம்புட்டுத்தான். கொஞ்ச தூரத்துல முதுகுல ஏதோ மோதிச்சி. காட்டுப்பன்னி முட்டியிருக்கும்னு சொன்னாவ."

"யாரு சொன்னா?"

"கம்பவுண்டர் ஐயாதான். அவருதான் தூக்கிட்டு வந்து கட்டும் போட்டு விட்டாரு. தங்கமான மனுசன் சாமி."

யக்ஞநாராயணன் துணியை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

"சரிம்மா. வெறும் சளிதான். கம்பவுண்டர் சொன்னபடியே இரு."

லயத்தைத் தாண்டியதும் சென்னியப்பன் பாதையை மறித்துக்கொண்டு நின்றான்.

"வெறும் சளியா சாமி?"

"சளின்னா ரெண்டு மூக்கும் ஒழுகும். காய்ஞ்சா துணி விறைக்கும். இது ஒத்தை மூக்கு, துணியும் விறைக்கலை. மூளையைச் சுத்தி தண்ணி இருக்கு, கேட்டியோ. தேங்காய்க்குள்ள இருக்கறாப்பலே. பாறையில மோதினதுல இவ தேங்காய்ல கீறல் விட்டிருக்கு. மூக்குக்கு மேலே, உள்பக்கம். அந்தத் தண்ணிதான் சொட்டறது."

சென்னியப்பன் தன் மூக்கைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான். "வெளிய வர்றதுதானுங்க? வந்துட்டுப் போகட்டும்."

"வெளியே வர வழி இருந்தா உள்ளே போகவும் வழி இருக்கு. மூக்குல இருக்கற அழுக்கு நேரா மூளைக்கு ஏறும். ஏறினா ஜுரம். ஜுரம் வந்தா ஆளு மிச்சமாறது சந்தேகம். அப்படிப்பட்டவளுக்குத் தும்மறதுக்குப் பொடி குடுத்திருக்கான் ஒருத்தன்."

"அய்யய்யோ! அப்ப இப்பவே ஜீப்புல ஏத்தி கோட்டயம் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போயிரலாமுங்க."

"ஏத்தினா? 'சளின்னு நெனச்சேன்'ம்பான் கம்பவுண்டர். தெரியாமப் பண்ணினேன்னா யாரும் தண்டிக்க மாட்டா. தெரிஞ்சே பண்ணினான்னு அவன் வாயாலேயே வரணும். நாளைக்குக் காலம்பற வர வச்சுக் காட்டறேன்."

"அண்ணங்காரன்கிட்டயாவது சொல்லிப்போடலாமுங்க."

"அவன் ஸ்பேனரைத் தூக்கிண்டு ஓடுவான். காரியம் கெட்டுடும். மூணு மாசம் தாங்கினவ ஒரு ராத்திரி தாங்க மாட்டாளோ?"

சென்னியப்பன் திரும்பி லயத்தைப் பார்த்தான். வாசலில் கத்தரீனாள் உட்கார்ந்து பொடி டப்பாவைத் திறந்துகொண்டிருந்தாள். மூக்கில் ஏற்றினாள், தும்மினாள், தலையைப் பிடித்துக்கொண்டாள். சென்னியப்பன் வாயைத் திறந்தான். யக்ஞநாராயணன் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டான். அவரிடம் சேர்ந்த இரண்டு வருஷத்தில் அவன் வாய் மூடியது அதுதான் முதல் தடவை. மூடியிருக்கக் கூடாத நேரமும் அதுதான்.

மறுநாள் காலையில் டிஸ்பென்சரி திறந்ததும் சென்னியப்பன் வரிசையில் நின்றான். நெற்றியில் ஒரு பிளாஸ்திரி, கையில் கத்தரீனாளின் துணி. யக்ஞநாராயணன் சொல்லி அனுப்பியிருந்தார். "அவ என்கிட்ட சொன்னதை அப்படியே சொல்லு. ஒரு வார்த்தை கூட்டாதே, குறைக்காதே. அதோட, எந்த ஊர்னு கேட்டா பொய் சொல்லாதே."

"ஊர் எதுக்குங்க?"

"நேத்து வரச்சே அவன் பேசறதைக் கேட்டேன். வாய்க்கு வாய் ஏனுங்க. உங்க பக்கத்து ஆளாக்கும்."

யக்ஞநாராயணன் பக்கவாட்டு ஜன்னலுக்குக் கீழே நின்றார். பக்கத்தில் செபாஸ்டின். காதை மட்டும் தீட்டிக்கொள், வாயைத் திறக்காதே என்பது அவனுக்கு உத்தரவு.

கம்பவுண்டர் அர்த்தநாரி வெள்ளைச் சட்டையும் நெற்றியில் சந்தனமுமாகக் குளிர்ச்சியாக உட்கார்ந்திருந்தார். சென்னியப்பனுக்கு முன்னால் நின்றவள் கத்தரீனாளின் பக்கத்து வீட்டுக்காரி புஷ்பமேரி.

"ஐயா, கத்தரீனாளுக்கு விடிஞ்சதுல இருந்து ஒடம்பு அனலாக் கொதிக்கு. தலைய ஒடைச்சிக்கிடுதா. கதவைத் தொறந்தா வெளிச்சம் வேண்டாங்கா."

அர்த்தநாரி தலையைத் தூக்கவில்லை. "சளி முத்திப்போச்சு. இந்தப் பொடியக் குடு. நல்லாத் தும்மச் சொல்லு. அப்பறம் எந்திரிச்சு வேலைக்குப் போகச் சொல்லு. குனிஞ்சு களை வெட்டினா சளி எறங்கிரும்."

ஜன்னலுக்குக் கீழே செபாஸ்டின் நிமிர்ந்தான். "காய்ச்சலாம் சாமி, நான் போயிப் பாத்துட்டு வந்துருதேன்."

யக்ஞநாராயணன் அவன் மணிக்கட்டைப் பிடித்தார். "சித்தே பொறு. இப்ப வந்துடும்."

புஷ்பமேரி பொடியோடு போய்விட்டாள். சென்னியப்பன் ஸ்டூலில் உட்கார்ந்தான். நெற்றிப் பிளாஸ்திரியைத் தொட்டுக் காட்டினான்.

"குப்புற விழுந்துட்டேனுங்க. நெத்தியில அடி. அதுல இருந்து மூக்கு ஒழுகுதுங்க."

"இந்த மழைக்கு எல்லாருக்கும்தான் ஒழுகுது." அப்போதுதான் அர்த்தநாரி நிமிர்ந்தார். "நம்ம பக்கத்துப் பேச்சாட்ட இருக்குதே. எந்த ஊருங்க தம்பி?"

"எருத்தேன்பதிங்க."

"அட! எருத்தேன்பதில யாரு ஊடு?"

"வாய்க்கா மேட்டு அப்புசாமி பையனுங்க."

அர்த்தநாரி நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். "அப்புசாமி மச்சான் பையனா நீயி! எங்க பெரிம்மாவைக் கட்டிக் குடுத்தது உங்க பங்காளி ஊட்லதானப்பா. சின்னதுல பாத்தது. உக்காரு, உக்காரு. காப்பி குடிக்கறயா? என்ன சொன்ன, மூக்கு ஒழுகுதா?"

"ஒழுகுதுங்க மாமா. வலது பக்கம் மட்டும். குனிஞ்சா சொட்டுதுங்க. நின்னா மண்டை பொளக்குது, படுத்தா விட்டுருது. படுத்தா தொண்டையில உப்பா எறங்குதுங்க."

சென்னியப்பன் துணியை நீட்டினான். அர்த்தநாரி வாங்கி விரலால் நெருடினார். யக்ஞநாராயணன் நெருடியது போலவே நெருடினார். அவர் முகத்திலிருந்த உறவுக்காரச் சிரிப்பு வடிந்துபோனது.

"இதத் தொவைக்கலயே?"

"இல்லீங்க. அப்பிடியே காஞ்சது."

"சாமி!" என்று நெஞ்சில் கை வைத்தார் அர்த்தநாரி. "தம்பி, மாமன் சொல்றதக் கேளு. மூக்கச் சிந்தாத. தும்மல் வந்தா வாயத் தொறந்து உட்டுப்போடு, அடக்காத. குனியாத. பாரம் தூக்காத. தலைக்கு ரெண்டு தலகாணி வெச்சு ஒசத்திப் படு. பொடி கிடி கிட்டயே கொண்டு போகக் கூடாது. இது சளியில்ல. மூளைத்தண்ணி. நான் கோயமுத்தூர்ல தலைக்காய வார்டுலயே வருசக்கணக்காக் கெடந்தவன், எத்தனை பேத்தப் பாத்திருக்கறேன்! இன்னைக்கே கோட்டயத்துக்குக் கெளம்பு. நானே வண்டி புடிச்சு ஏத்தி உடறேன்."

"காய்ச்சல் வந்தா என்னுங்க மாமா?"

"அந்தப் பேச்சே பேசாத. காய்ச்சல் வந்து, வெளிச்சத்தப் பாத்தாக் கண்ணு கூசுதுன்னா ஒரு நிமிசம் நிக்கக் கூடாது. கழுத்து வெறைச்சு திரும்பலைன்னா..." அர்த்தநாரி கையை விரித்தார். "உங்கப்பனுக்கு நான் என்ன பதில் சொல்லறது?"

ஜன்னலுக்குக் கீழே செபாஸ்டினின் மணிக்கட்டு யக்ஞநாராயணனின் பிடியிலிருந்து உருவிக்கொண்டது. அடுத்த கணம் அவன் டிஸ்பென்சரிக்குள் இருந்தான். அர்த்தநாரியின் வெள்ளைச் சட்டை அவன் கைக்குள் இருந்தது. மருந்து பாட்டில்கள் தரையில் உருண்டன.

பின்னாலேயே நிதானமாக வந்தார் யக்ஞநாராயணன். இந்தக் கட்டத்துக்காகத்தான் அவர் தொழில் செய்வதே.

"அதே துணி, அதே மூக்கு, அதே பேச்சு. ஊர்க்காரன் வந்தா மூளைத்தண்ணி. தோட்டக்காரி வந்தா சளி. அப்படித்தானே ஓய்?"

அர்த்தநாரி துணியைப் பார்த்தார். பிறகு சென்னியப்பனைப் பார்த்தார். திட்டவில்லை. "அப்புசாமி மச்சான் பையனா நீயி," என்று மட்டும் முனகினார். சென்னியப்பன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"தள்ளினதும் நீர்தான்," என்றார் யக்ஞநாராயணன். "பள்ளிவாசல் பவர்ஹவுஸ் கரண்ட் இந்த டிஸ்பென்சரியில விளக்கா எரியறது, ஹீட்டரா எரியறது. இங்கே மண்ணெண்ணெய்க்கு என்ன வேலை? பின்வாசல்ல போன டின்னுல இருந்தது மருந்து ஸ்பிரிட். சாராயம் காய்ச்சறவனுக்குக் கை மாறித்து. அவ பார்த்துட்டா."

"பாத்துட்டாளேங்க!" அர்த்தநாரியின் குரல் உடைந்தது. "வெளிய சொன்னா என் பொழப்பு என்னாகறது? பயமுறுத்தத்தான் தள்ளினேனுங்க. உழுந்த எடம் பாறையாப் போச்சு. அப்பறம் மூக்கு ஒழுக ஆரம்பிச்சுது. நான் ஒண்ணுமே பண்ணலீங்க. அது பாட்டுக்கு நடக்கும்னு உட்டுட்டேன்."

"அவ அதை மண்ணெண்ணெய்னுதான் ஓய் நெனச்சா. இன்னிவரைக்கும் அப்படித்தான் நெனச்சுண்டிருக்கா. உம்மைத் தங்கமான மனுஷன்கறா."

அர்த்தநாரிக்கு அது விளங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. விளங்கியதும் ஸ்டூலில் பொத்தென்று உட்கார்ந்தார். யக்ஞநாராயணன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். கேஸ் முடிந்தது என்பதற்கு அதுதான் அடையாளம்.

ஆனால் முடியவில்லை. அர்த்தநாரி தலையைத் தூக்கி, மிக மரியாதையாக ஒரு கேள்வி கேட்டார்.

"இந்தத் துணி அவ ஊட்டுத் துணிதானுங்க சாமி? எப்ப எடுத்தீங்க?"

சென்னியப்பன் சொன்னான். "நேத்து சாயங்காலமுங்க."

"நேத்துக் காய்ச்சல் இருந்துச்சுங்களா?"

"இல்லீங்க."

"நேத்தே வண்டி ஏத்தியிருந்தா பொழச்சிருப்பாளுங்க சாமி. துணியத் தொட்டதுமே உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். தெரிஞ்சும் சளின்னுதான சொல்லிட்டு வந்தீங்க?" அர்த்தநாரி லேசாகச் சிரித்தார். "நான் மூணு மாசம் சொன்னேன். நீங்க ஒரு ராத்திரி சொன்னீங்க. வேற என்னுங்க வித்தியாசம்?"

செபாஸ்டினின் கை சட்டையிலிருந்து நழுவியது. அவன் யக்ஞநாராயணனைத் திரும்பிப் பார்த்தான். பாலக்காட்டுக்கு ஆளனுப்பி, காத்துக் கிடந்து, சாமி சாமி என்று கும்பிட்டு அழைத்து வந்த மனிதரை முதல்முறையாக முழுசாகப் பார்த்தான்.

"நேத்தே தெரியுமா சாமி ஒமக்கு?"

யக்ஞநாராயணன் மூக்குக்கண்ணாடியை மறுபடியும் கழற்றினார்.

ஜீப்பு லயத்தின் வாசலுக்கே ஏறி வந்தது. புஷ்பமேரியும் சென்னியப்பனும் கத்தரீனாளைப் போர்வையோடு தூக்கி வந்தார்கள். அவள் கண்ணை இறுக மூடியிருந்தாள். பொடி டப்பா அவள் கையில் இருந்தது. சொன்னபடி செய்திருந்தாள் பாவி மகள். கம்பவுண்டரும் சளி என்றார், பாலக்காட்டுச் சாமியும் சளி என்றார், அவள் யாரை நம்பாமல் இருப்பாள்? சென்னியப்பன் டப்பாவைப் பிடுங்கித் தேயிலைக்குள் எறிந்தான்.

யக்ஞநாராயணன் முன் ஸீட்டில் கால் வைத்தார்.

"நீரு எறங்கும்," என்றான் செபாஸ்டின்.

"போலீஸ்ல நான் வாக்குமூலம் கொடுத்தாத்தான் இவனை..."

"போலீசு பொறவு. எறங்கும்."

யக்ஞநாராயணன் காலை எடுத்துக்கொண்டார். செபாஸ்டின் அர்த்தநாரியைக் கழுத்தில் பிடித்துத் தள்ளி ஜீப்பின் பின்னால் ஏற்றினான். தங்கச்சியின் தலையை அவர் மடியில் வைத்தான்.

"தலைய எப்பிடிப் புடிக்கணும்னு ஒனக்குத்தான தெரியும்? புடி."

"நான் எப்பிடீங்க... வழியில ஏதாச்சும் ஆச்சுன்னா..."

"கீழ எறங்குத வரைக்கும் வளைவுதான். எந்த வளைவுல இவ மூச்சு நிக்குதோ அந்த வளைவுல நீ எறங்குவ. நான் வண்டிய நிறுத்த மாட்டேன்."

ஜீப்பு உறுமியது. சென்னியப்பன் ஓடி வந்து பின்னால் தொற்றிக்கொண்டான். யக்ஞநாராயணன் ஒருமுறை அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். அவன் திரும்பவில்லை. மழைக்கோட்டும் பெட்டியுமாக அவர் ரோட்டு ஓரத்தில் நின்றார். முதல் வளைவிலேயே மஞ்சுப்பனி அவரை மறைத்துவிட்டது.

மடியில் கிடந்த தலையைத் தொடவே அர்த்தநாரிக்குப் பயமாக இருந்தது. சென்னியப்பன் அவர் பக்கமாகக் குனிந்தான். வேடிக்கை பேசுகிற குரல் இல்லை அது.

"மாமா, இதும் எருத்தேன்பதிப் புள்ளைன்னு நெனச்சுக்குங்க."

அர்த்தநாரி அவனைப் பார்த்தார். பிறகு தன் மேல்துண்டை உருவிச் சுருட்டித் தலைக்கு அண்டை கொடுத்தார். தோளை உயர்த்தினார். வார்டில் கற்றுக்கொண்டதெல்லாம் கைக்கு ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தது. மூக்கின் கீழே வழிந்த தண்ணீரை அழுத்தாமல் ஒற்றி எடுத்தார்.

"கண்ணத் தொறங்க அம்மிணி," என்றார். தன் வீட்டுப் பெண்ணிடம் பேசுவது போலவே சொன்னார். "மாமனப் பாருங்க. இப்பிடித் திரும்புங்க."

வளைவில் மஞ்சு விலகி வெயில் உள்ளே விழுந்தது. கத்தரீனாள் முகத்தைத் திருப்பிக்கொள்ளப் பார்த்தாள். கழுத்து திரும்பவில்லை.